ரோமிங் ப்ரொஃபைல்: சுமையைக் குறைத்தால் லாகின் தானாக வேகமாகும்

கேள்வி: எங்களுடையது ஆடிட்டர் அலுவலகம். 20 கணினிகள், ஒரு விண்டோஸ் சர்வர். டொமைன் (எல்லாக் கணினிகளையும் யூசர்களையும் சர்வரிலிருந்தே நிர்வகிக்கும் ஏற்பாடு) ஏற்கெனவே அமைத்திருக்கிறோம். ஆர்ட்டிகிள்ஷிப் மாணவர்கள் எந்த இடம் காலியோ அங்கே உட்கார்ந்து வேலை செய்வார்கள். எங்கே உட்கார்ந்தாலும் அவரவர் டெஸ்க்டாப் வரட்டும் என்று ரோமிங் ப்ரொஃபைல் போட்டோம். முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது காலையில் லாகின் ஆகப் பத்து நிமிடம் பிடிக்கிறது. சிலருக்கு டெஸ்க்டாப் காலியாக வருகிறது. எங்கே கோளாறு? எப்படிச் சரியாக அமைப்பது?

பதில்: முதலில் ரோமிங் ப்ரொஃபைல் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். லாகின் செய்யும்போது உங்கள் ப்ரொஃபைல் ஃபோல்டரை (உங்கள் ஃபைல்களும் செட்டிங்ஸும் இருக்கும் ஃபோல்டர்) சர்வரிலிருந்து அந்தக் கணினியின் சி டிரைவுக்குக் காப்பி செய்கிறது. சைன் அவுட் செய்யும்போது மாறிய ஃபைல்களைத் திரும்ப சர்வருக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான். நடுவில் நீங்கள் வேலை செய்யும் நேரம் முழுக்க எல்லாம் அந்தக் கணினியிலேயே இருக்கிறது.

உங்கள் மாணவர்கள் கிளையன்ட் தரும் பேங்க் ஸ்டேட்மென்ட், ஸ்கேன் செய்த பில், எக்செல் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் போட்டு வைத்திருப்பார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே ப்ரொஃபைலுக்குள் அடக்கம். ஒருவருக்கு 3 ஜிபி சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சில் நொடிக்கு அதிகபட்சம் 12 எம்பி அளவுக்குத்தான் போகும். அந்த 3 ஜிபி வந்து சேரவே நாலு நிமிடத்துக்கு மேல். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களாக இருந்தால் இன்னும் மோசம். பழகிய கணினி என்றால் மாறிய ஃபைல்கள் மட்டும் வரும், புதிய கணினி என்றால் மொத்தமும் வரும். உங்கள் மாணவர்களோ தினம் ஒரு இடம். அத்தனை பேரும் காலையில் ஒரே நேரத்தில் லாகின் செய்தால் சர்வர் டிஸ்க் திணறத்தான் செய்யும்.

ஆகவே ப்ரொஃபைல் செட்டிங்ஸை மட்டும் சுமக்கட்டும், ஃபைல்கள் சர்வரிலேயே இருக்கட்டும். இதற்கு ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் என்ற குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளுக்கும் சர்வரிலிருந்தே போடும் விதி) இருக்கிறது. டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் லாகினில் காப்பியாகாமல் நேராக சர்வர் ஷேரிலிருந்தே (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்) திறக்கும். ரோமிங் ப்ரொஃபைல் போடுபவர்கள் இதைச் சேர்த்தே போட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேர்க்காமல் விட்ட அலுவலகங்களில்தான் உங்களுக்கு வந்த தொல்லை வருகிறது.

சரி, செய்முறைக்கு வருவோம். (பாதைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், திரையில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

சர்வரில் இரண்டு ஷேர் தனித்தனியாகப் போடுங்கள்: ப்ரொஃபைலுக்கு ஒன்று, ரீடைரக்‌ஷனுக்கு ஒன்று. பெயரின் கடைசியில் டாலர் குறி போட்டால் நெட்வொர்க்கில் மேய்பவர்கள் கண்ணில் படாது. ப்ரொஃபைல் ஷேரில் ஆஃப்லைன் கேச்சிங்கை (சர்வர் ஃபைல்களின் பிரதியைக் கணினியில் வைத்துக்கொள்வது) கட்டாயம் நிறுத்துங்கள். ப்ரொஃபைலைக் காப்பி செய்வது ஒரு வேலை, ஆஃப்லைன் ஃபைல்ஸ் செய்வது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே ஃபோல்டரில் மோதினால் பழைய ஃபைல் புதியதை மிதித்துவிடும்.

பர்மிஷனில் நிதானமாக இருங்கள். ஷேர் பர்மிஷனில் உங்கள் ஊழியர் குழுவுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுக்கலாம், உண்மையான காவல் என்டிஎஃப்எஸ் பர்மிஷனில்தான் (டிஸ்கில் உள்ள ஃபோல்டரிலேயே போடும் உரிமை). அங்கே சிஸ்டத்துக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கும் முழு உரிமை. கிரியேட்டர் ஓனருக்கு (ஃபோல்டரை உருவாக்கியவருக்கு) உள்ளே இருக்கும் ஃபோல்டர், ஃபைல்களில் மட்டும் முழு உரிமை. ஊழியர் குழுவுக்கு மேல்மட்ட ஃபோல்டரில் மட்டும் பட்டியல் பார்க்கவும் புது ஃபோல்டர் உருவாக்கவும் உரிமை. இப்படி வைத்தால் ஒருவர் ஃபோல்டருக்குள் இன்னொருவர் நுழைய முடியாது. கிளையன்ட் கணக்குகள் புழங்கும் இடம் என்பதால் இதில் சமரசம் வேண்டாம்.

அடுத்து, யாரும் லாகின் செய்வதற்கு முன்பே ஒரு பாலிசியை ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், யூசர் ப்ரொஃபைல்ஸ் என்று போனால், ரோமிங் ப்ரொஃபைலில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவைச் சேர்க்கும் பாலிசி இருக்கும். இது ஃபோல்டர் உருவாகும்போது மட்டுமே வேலை செய்யும். பின்னால் போட்டால் பழைய ஃபோல்டர்களுக்கு உதவாது. ஒவ்வொன்றிலும் நீங்கள் உரிமையைப் பிடுங்கி, அதனால் ப்ரொஃபைல் கெட்டு, அப்புறம் அதைச் சரிசெய்ய உட்கார வேண்டியிருக்கும்.

பிறகு ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் யூசர் பட்டியல் இருக்கும் இடம்) யூசரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ப்ரொஃபைல் டேபில் பாதையைக் கொடுங்கள்: \\சர்வர்\ப்ரொஃபைல்$\%யூசர்நேம்%. உள்ளே யாருக்கும் நீங்களாக ஃபோல்டர் உருவாக்க வேண்டாம். விண்டோஸே அதை உருவாக்கி, பெயரின் கடைசியில் .வி6 என்று ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல் விண்டோஸ் 11 வரை எல்லாம் வி6தான். மூலையில் எங்காவது விண்டோஸ் 7 கணினி ஓடிக்கொண்டிருந்தால் அது வி2 என்று தனி ஃபோல்டர் போடும். ஒன்றில் வைத்த செட்டிங் மற்றொன்றில் வராது. “எனக்கு மட்டும் பழைய வால்பேப்பர் வருகிறது” என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

ரீடைரக்‌ஷன் பாலிசி யூசர் கான்ஃபிகரேஷனில் விண்டோஸ் செட்டிங்ஸுக்குக் கீழே இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றுக்கும் பேசிக் என்பதைத் தேர்ந்து, ஒவ்வொரு யூசருக்கும் தனி ஃபோல்டர் என்று வையுங்கள். யூசருக்கு மட்டுமே உரிமை என்ற டிக் முன்கூட்டியே போட்டிருக்கும். நிர்வாகி உள்ளே பார்க்க வேண்டுமென்றால் எடுத்துவிடுங்கள். இருக்கும் ஃபைல்களைப் புது இடத்துக்கு நகர்த்து என்ற டிக் இருக்கட்டும். ஆப்டேட்டா ரோமிங்கையும் (மென்பொருள்கள் தங்கள் செட்டிங்ஸை வைக்கும் ஃபோல்டர்) அதே பட்டியலில் பார்த்து ஆசை வரும். வேண்டாம். பல மென்பொருள்கள் அதை நொடிக்கு நொடி தொடும், நெட்வொர்க் வழியாக அது நடந்தால் எல்லாமே மந்தமாகும்.

இத்தனை செய்த பிறகும் சில விஷயங்கள் கூடவே வராது. ஆப்டேட்டாவுக்குள் லோக்கல் என்ற ஃபோல்டர் பயணமே செய்யாது. குரோம் தன் புக்மார்க், பாஸ்வேர்டையெல்லாம் அங்கேதான் வைக்கிறது. அதனால் குரோமுக்கென்று உள்ள ரோமிங் ப்ரொஃபைல் பாலிசியைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் ரோமிங் பக்கம் வைப்பதால் அது தானாக வரும். அவுட்லுக்கின் ஓஎஸ்டி ஃபைலும் (கணினியில் இருக்கும் மெயில் பிரதி) லோக்கல்தான், புதிய கணினியில் மெயில் மறுபடி இறங்கும். மென்பொருள்கள் எல்லாக் கணினியிலும் இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டும், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனின் டிரைவரும் அப்படியே.

தமிழில் கடிதம் அடிக்கும் அலுவலகங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸில் உள்ள தமிழ்99 விசைப்பலகையை ஒருவர் தேர்ந்து வைத்தால் அந்தத் தேர்வு ப்ரொஃபைலோடு பயணிக்கும். ஆனால் ஃபான்ட் அப்படியல்ல. இப்போதைய விண்டோஸில் ஃபான்ட் ஃபைலை ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால், அது அந்த யூசருக்கு மட்டும், அதே லோக்கல் ஃபோல்டருக்குள் போய் உட்காரும். ‘ஃபான்ட் இருக்கிறது’ என்ற ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் செட்டிங்ஸ் பதிவேடு) குறிப்பு மட்டும் அடுத்த கணினிக்கு வரும், ஃபான்ட் வராது. பாமினியிலோ வானவில்லிலோ அடித்த கடிதம் அங்கே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ என்று ஒவ்வொரு கணினியிலும் போட்டால் தீர்ந்தது.

இனி அந்தக் காலி டெஸ்க்டாப். லாகின் ஆனதும் ‘டெம்பரரி ப்ரொஃபைல்’ என்று அறிவிப்பு வந்ததா என்று அந்த மாணவரிடம் கேளுங்கள். ப்ரொஃபைலைத் திறக்க முடியாதபோது விண்டோஸ் ஒரு தற்காலிக ப்ரொஃபைலைக் கொடுக்கும். அதில் சேமித்தது சைன் அவுட் ஆனதும் அழிந்துவிடும், அதனால் உடனே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) அப்ளிகேஷன் பகுதியில் ஈவென்ட் எண்ணைப் பாருங்கள். 1521 என்றால் சர்வரில் உள்ள ப்ரொஃபைலைக் கண்டுபிடிக்க முடியவில்லை: பாதை, பர்மிஷன், நெட்வொர்க் மூன்றையும் சோதியுங்கள். 1511 என்றால் அந்தக் கணினியில் உள்ள பிரதி கிடைக்கவில்லை. ரெஜிஸ்ட்ரியில் ப்ரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்தில் அவருடைய யூசர் அடையாள எண்ணுக்குப் பின்னால் .பேக் என்று ஒட்டியிருக்கும். சர்வரில் உள்ள பிரதி நல்லபடியாக இருப்பதை உறுதி செய்த பிறகு, சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ் வழியாக அந்தக் கணினியின் பிரதியை நீக்குங்கள். .பேக் பதிவு அதோடு போகாவிட்டால் அதையும் அழித்துவிட்டு லாகின் செய்யச் சொன்னால் புதிதாக இறங்கும்.

அறிவிப்பு எதுவும் வரவில்லை, செட்டிங்ஸ் மட்டும் பழையதாக மாறிவிட்டது என்றால், அவர் இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் லாகின் ஆகியிருக்கலாம். ஒன்றை லாக் செய்து வைத்துவிட்டு மற்றொன்றுக்குப் போவது மாணவர்களிடம் சகஜம். செட்டிங்ஸைப் பொறுத்தவரை கடைசியாக சைன் அவுட் ஆன கணினி சொல்வதுதான் செல்லும். எழுந்து போகும்போது லாக் போதாது, சைன் அவுட் செய்ய வேண்டும் என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வெளியே ஆடிட்டுக்குக் கொண்டு போகும் லேப்டாப்களை இந்த ஏற்பாட்டில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு லோக்கல் ப்ரொஃபைல் மட்டும் என்ற பாலிசியைப் போட்டுவிடலாம். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் அந்த லேப்டாப்களில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவிடம் விட்டுவிடலாம். ஆனால் ஒரே ஃபோல்டரை ஒன்டிரைவுக்கும் ரீடைரக்‌ஷனுக்கும் சேர்த்துக் கொடுக்க முடியாது.

இப்போது இருக்கும் குழப்பத்தை ஒரேயடியாகக் கலைக்க வேண்டாம். எல்லாருடைய ஃபைல்களும் ஒரே சர்வருக்கு வரப்போகிறது என்பதால் முதலில் அதன் பேக்கப் ஓடுகிறதா என்று ஒரு ஃபைலை மீட்டெடுத்துப் பாருங்கள். பிறகு ரீடைரக்‌ஷனை இரண்டு மாணவர்களுக்கு மட்டும் போடுங்கள். பாலிசி பிடிக்க இரண்டு தடவை லாகின் செய்ய வேண்டியிருக்கலாம், ஃபைல்கள் நகரும் அந்த ஒரு லாகின் மெதுவாகத்தான் இருக்கும், பதறாதீர்கள். ஒரு வாரம் போகட்டும். சர்வரில் அவர்கள் ப்ரொஃபைல் ஃபோல்டரின் அளவைப் பாருங்கள். இன்னும் ஜிபி கணக்கில் இருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் ஆப்டேட்டா ரோமிங்கில் கொட்டுகிறது என்று பொருள். அந்த ஃபோல்டரை மட்டும் விலக்க யூசர் பாலிசியில் தனி வசதி உண்டு. அளவு குறைந்து, லாகினும் வேகமான பிறகு மீதிப் பேரைச் சேருங்கள்.