நூலா, குச்சியா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மொத்தம் 32 பிள்ளைகள். பொம்மலாட்டம் சொல்லித்தரலாம் என்று கடையில் நூல் பொம்மைப் பெட்டி ஒன்று வாங்கினேன். இரண்டே நாளில் நூலெல்லாம் சிக்கு. சிக்காத பொம்மைகளை வைத்துப் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். எந்த வகையில் தொடங்குவது? செலவில்லாமல் செய்ய முடியுமா? ஆண்டு விழாவில் மேடையேற்றலாமா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நூல் பொம்மையைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். ஏழு வயதுக் கைக்கு அது ஆகாது. கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டக்காரர்களே எல்லாவற்றையும் நூலிடம் விடுவதில்லை. ஆட்டுபவர் தம் தலையில் மாட்டிய வளையத்திலிருந்து தொங்கும் நூல் பொம்மையின் எடையைத் தாங்கும். கைகளை ஆட்டுவது இரும்புக் கம்பி. நூலுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. குச்சி இரண்டையும் செய்யும். ஆகவே குச்சியில் பிடித்துத் திரையில் நிழல் காட்டும் நிழல்பாவையில் தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு பாடவேளை பாவை எதையும் செய்யாதீர்கள். ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்து, மூலையில் ஒரு முடிச்சுப் போடச் சொல்லுங்கள், அதுதான் தலை. அது தூங்க வேண்டும், மூச்சுவிட வேண்டும், விழித்து யாரையாவது பார்க்க வேண்டும். பிள்ளையின் கண் பொம்மைமேல் இருந்தால் பார்ப்பவர் கண்ணும் அங்கேயே போகும். சும்மா இருக்கும் பொம்மையும் நடிக்கிறது என்பது இங்கே புரியாவிட்டால், பிறகு திரையில் எல்லாப் பாவைகளும் ஓயாமல் குதித்துக்கொண்டிருக்கும்.

கதைக்குக் காக்கா, நரி, வடை போதும். பாவைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. காலண்டர் அட்டை வேண்டாம், சின்னக் கத்தரிக்கோலுக்கு மசியாது. உயரம் ஒரு சாண். பக்கவாட்டு முகமாகவே வரையச் சொல்லுங்கள். நேர்முகம் நிழலில் வெறும் உருண்டையாகிவிடும். பெரும்பாலான பிள்ளைகள் இடப்பக்கம் பார்த்தே வரைவார்கள். அப்படியே விட்டால் நரி காக்காவின் முதுகோடு பேசிக்கொண்டிருக்கும். ஒன்றை மட்டும் வலப்பக்கம் பார்க்க வரையச் சொல்லுங்கள். கண்ணுக்குக் காகிதம் துளைக்கும் கருவியால் ஒரு துளை. வடைக்கு நடுவில் ஓட்டை கட்டாயம். திரையில் அந்த வெளிச்சம் தெரிந்தால்தான் அது வடை.

அசையும் மூட்டு ஒரு பாவைக்கு ஒன்றே ஒன்று: நரிக்கு வாய், காக்காவுக்கு இறக்கை. இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, துளையிட்டு, தடித்த நூலைக் கோத்து இரு பக்கமும் முடிச்சிடுங்கள். இங்கேதான் பலருக்கும் தவறுகிறது. முடிச்சு இறுகினால் இறக்கை நகராது. தளர்ந்தால் தானாகத் தொங்கிவிடும். அட்டைக்கும் முடிச்சுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்து முடிந்துவிட்டு, பிறகு உருவிவிடுங்கள். இடைவெளி சரியாக இருக்கும்.

உடலுக்கு மூங்கில் குச்சி. கழுத்திலிருந்து அடிவரை நெடுக ஒட்டி, கீழே 15 செ.மீ. நீட்டிவிடுங்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டினால் பாவை காற்றாடி மாதிரி சுற்றும். இறக்கைக்குத் தென்னை ஈர்க்கு போதும். அதை ஒட்டாமல் நூல் வளையத்தில் கட்டுங்கள், திரும்ப இடம் வேண்டும். வடைக்குத் தனிக் குச்சி, அதைப் பிடிக்கத் தனிப் பிள்ளை.

வண்ணம் வேண்டுமா? தோல்பாவைக்கூத்தில் பாவைகள் ஒளிர்வது, மெலிதாகப் பதப்படுத்திய ஆட்டுத்தோல் வெளிச்சத்தை உள்ளே விடுவதால். வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டி, தேங்காய் எண்ணெயை இரு பக்கமும் மெல்லத் தடவினால் ஏறக்குறைய அதே விளைவு கிடைக்கும். தாளின் நார்களுக்கிடையே உள்ள காற்றை எண்ணெய் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் ஊடுருவும். செய்தித்தாள்களுக்கு நடுவே ஓர் இரவு வையுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் டேப் ஒட்டாது. ஆகவே இந்தப் பாவைகளுக்குக் குச்சியை ஊசிநூலால் தைத்துக்கொள்ளுங்கள்.

திரை ஒரு வெள்ளை வேட்டி. சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, கீழ்ப்பாதியைப் போர்வையால் மறையுங்கள். ட்யூப் லைட்டில் நிழல் மங்கும், ஏனென்றால் அதன் நீளம் முழுவதிலிருந்தும் வெளிச்சம் வருகிறது. கைப்பேசியின் டார்ச்சே நல்லது. திரைக்கு ஒரு மீட்டர் பின்னால், பிள்ளைகளின் தலைக்கு மேலே கட்டுங்கள். இல்லாவிட்டால் நரியைவிடப் பிள்ளையின் தலை பெரிதாகத் தெரியும். மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். பாவை துணியைத் தொட்டபடி இருக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் ஒரு நேரத்தில் நான்கு பேர். குரல் கொடுப்பவர் வேறு, பாவை பிடிப்பவர் வேறாக இருக்கட்டும். இரண்டையும் ஒருவரே செய்வது தேர்ந்த கூத்துக்கலைஞரின் வேலை. குரலும் தகர டப்பாவும் கூழாங்கல் போட்ட புட்டியும் இன்னும் நான்கு பேருக்கு வேலை தரும். ஆக ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், உங்களுக்கு நான்கு குழு. ஆட்டம் இரண்டு நிமிடம் தாண்ட வேண்டாம். தூக்கிப் பிடித்த கை அதற்குள் வலிக்கத் தொடங்கிவிடும்.

அடிதடியைத் தடைசெய்யாதீர்கள். தோல்பாவைக்கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடித்துக்கொள்வதற்குத்தான் சிரிப்பே. படாமல் அடிக்கச் சொல்லிக்கொடுங்கள்: அடிப்பவன் நிறுத்திவிட வேண்டும், அடிவாங்கியவன்தான் எகிறி விழ வேண்டும். இதைப் பழகவே ஒரு பாடவேளை ஓடிவிடும்.

ஆண்டு விழா மேடை வேண்டாம். ஒரு சாண் பாவை பந்தலின் பின்வரிசைக்குத் தெரியாது; திறந்தவெளியில் மாலை வெளிச்சத்தில் நிழலே விழாது. ஜன்னலைச் சாத்திய வகுப்பறையில், தரையில் உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முடிந்ததும் அவர்களைத் திரைக்குப் பின்னால் அழைத்து ஆளுக்கொரு தரம் வடையைக் கீழே போட விடுங்கள்.