பனியில் ஃபோர் பை ஃபோர்: ஏற்றிவிடும், நிறுத்தித் தராது

கேள்வி: சொந்த ஊர் பொள்ளாச்சி. வேலைக்காக இரண்டு வருடமாகச் சண்டிகரில் இருக்கிறேன். போன வருடம் டீசல், மேனுவல் கியர் உள்ள மஹிந்திரா தார் ஃபோர் பை ஃபோர் வாங்கினேன். ஜனவரி இரண்டாவது வாரம் அம்மா, மனைவி, ஏழு வயது மகளுடன் மணாலி போய், அங்கிருந்து அடல் சுரங்கம் வழியாகச் சிஸ்ஸு வரை போய்வரத் திட்டம். வால்பாறை மலைப்பாதை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பனியில் ஓட்டியதே இல்லை. "உன்கிட்டதான் ஃபோர் பை ஃபோர் இருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்கிறார்கள் ஆபீஸில். மணாலியிலேயே 4ஹெச் (நான்கு சக்கரத்துக்கும் விசை, சாதாரண வேகத்துக்கு) போட்டுவிடலாமா? 4எல் (அதுவே, ஊர்ந்து போகும் வேகத்துக்கு) எப்போது போட வேண்டும்? பனியில் பிடிக்க டயரில் மாட்டும் ஸ்நோ செயின் அவசியமா?

பதில்: உங்கள் ஆபீஸ் நண்பர்கள் சொல்வது ஏற்றத்துக்குச் சரி. நீங்கள் பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு.

நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போனால், வழுக்கும் ரோட்டில் வண்டி நகரும். அவ்வளவுதான் அதன் வேலை. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நீங்கள் பிரேக் மிதிக்கும் நொடியில் உங்கள் தாருக்கும் பின்னால் வரும் சின்ன ஆல்டோவுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. இரண்டையும் நிறுத்த வேண்டியது டயருக்கும் பனிக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பு ஒன்றுதான். ஃபோர் பை ஃபோர் செய்யும் பெரிய கெடுதல் இங்கேதான். மற்ற கார்கள் மணாலிக்கு மேலே இருக்கும் சோலாங் தாண்டியதும் ஏற முடியாமல் சக்கரம் சுற்றி நின்றுவிடும். அது அந்த ஓட்டுநருக்கு ரோடு தரும் எச்சரிக்கை. உங்கள் வண்டி அந்த இடத்தைச் சலனமே இல்லாமல் ஏறிப் போய்விடும். எச்சரிக்கை உங்களுக்கு வந்தே சேராது. மாலையில் அதே இடத்தில் இறங்கும்போதுதான் ரோடு எப்படி இருக்கிறது என்று தெரியவரும்.

கணக்காகச் சொல்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த தார் ரோட்டில், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க ஏறக்குறைய 9 மீட்டர் போதும். அழுந்திய பனியில் 30 மீட்டர். வழுவழுப்பான பனிக்கட்டியில் 60 மீட்டருக்கு மேல். இதெல்லாம் சமதளத்துக்கு. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் இறங்கும் சாதாரண மலைச் சரிவில், பனிக்கட்டி மேல், வெறும் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்கூட நிற்க 40 மீட்டர் பிடிக்கும். சரிவு இன்னும் கூடி நூறுக்குப் பத்து ஆனால் வண்டி நிற்கவே நிற்காது. பனிக்கட்டி தரும் பிடிப்பு முழுவதையும் சரிவே தின்றுவிடும். அப்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று அதிரும், ஸ்டியரிங் கொஞ்சம் கேட்கும், வேகம் மட்டும் குறையாது. 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவில் ஆயிரம் வண்டிகள் வரை மாட்டிக்கொண்டன. ஃபோர் பை ஃபோர் வண்டிகள் இறக்கத்தில் தாமாகச் சறுக்கிப் போகும் காணொளிகளை அந்தக் குளிர்காலத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல வண்டிகள் நடக்கும் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தன.

இனி 4ஹெச். மணாலியிலிருந்தே போட வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது பார்ட் டைம் வகை. 4ஹெச் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் அதைவிடச் சின்ன வட்டத்திலும் போகின்றன. இந்த வித்தியாசத்தைத் தீர்க்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. பனியிலும் சேற்றிலும் டயர் லேசாக வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லாததால் முறுக்கம் முழுவதும், விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்டிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், கொண்டை ஊசி வளைவில் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போலிருக்கும். பிறகு லீவரை 2ஹெச்சுக்கு (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை) தள்ளினால் வராது. அப்படி இறுகிக்கொண்டால் பலவந்தம் செய்யாதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னால் எடுங்கள், விட்டுவிடும்.

நண்பர் வைத்திருக்கும் ஆல் வீல் டிரைவ் காரோடு இதை ஒப்பிட வேண்டாம். அதில் இந்த வித்தியாசத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, எந்த ரோட்டிலும் ஓடும்.

ரோடு பாதி தார், பாதி பனி என்று மாறி மாறி வரும்போது என்ன செய்வது? அந்தப் பாதையில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நேரான பகுதியில் கொஞ்ச தூரம் தார் ரோட்டில் 4ஹெச்சோடு போவதால் கெடுதல் இல்லை. முறுக்கம் ஏறுவது இறுக்கமான வளைவுகளில்தான். வழுக்கும் இடத்துக்குள் போன பிறகு லீவரைத் தேடாமல், அதற்கு முன்பே நேரான இடத்தில் மாற்றிவிடுங்கள். ஓட்டத்திலேயே எந்த வேகம் வரை 4ஹெச்சுக்கு மாற்றலாம் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது, பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 4எல்லுக்கு மட்டும் வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

அடல் சுரங்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 9.02 கிலோமீட்டர் நீளம், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உள்ளே காற்று வீசாது, பனி இல்லை, ரோடு நன்றாக இருக்கும். பத்து நிமிடம் அப்படி ஓட்டியதில் கை தளர்ந்திருக்கும். வடக்கு வாசலைத் தாண்டியதும் லாஹௌல் பள்ளத்தாக்கின் குளிர், கண் கூசும் வெளிச்சம், ரோட்டில் பனிக்கட்டி, நடு ரோட்டில் நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்கள், எல்லாம் ஒரே நேரத்தில் வரும். வாசல் தெரிய ஆரம்பித்ததும் வேகத்தைக் குறைத்து, உள்ளேயே 4ஹெச் போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

4எல் ஆழமான பனியில் ஊர்ந்து போகவும், நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக ஏறவும். சிஸ்ஸு வரைக்கும் உங்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம். பனிக்கட்டி இறக்கத்தில் 4எல்லை முதல் கியரில் போடுவது பலர் செய்யும் தவறு. இன்ஜின் சக்கரங்களை அளவுக்கு மேல் இழுத்துப் பிடிக்கும். வண்டி நகரும் வேகத்தைவிடச் சக்கரம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால் அதுவும் பிரேக் பிடித்துச் சறுக்குவது போலத்தான். பல வண்டிகளில் 4எல்லில், சறுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்பி அணைந்தும்விடும்.

இறங்குவதற்கு வால்பாறையில் கற்ற பழக்கம் உங்களுக்குக் கைகொடுக்கும். ஆழியாறு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிய கியரிலேயே இறங்குவீர்கள் அல்லவா, அதேதான். 4ஹெச்சில், இரண்டாவது கியரில், சரிவு அதிகமென்றால் முதல் கியரில், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். ஃபோர் வீல் டிரைவ் இறக்கத்தில் உண்மையாக உதவும் ஒரே இடம் இது. 2ஹெச்சில் இன்ஜினின் இழுப்பு பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும், பின்பக்கம் விலகி வண்டி குறுக்கே திரும்பப் பார்க்கும். 4ஹெச்சில் அந்த இழுப்பு நான்கு சக்கரத்துக்கும் பிரிந்து போகிறது. சக்கரம் வழுக்குவது தெரிந்தால் ஆக்ஸிலேட்டரை ஒரு பொட்டு தொடுங்கள், சக்கரம் மறுபடி உருளும், ஸ்டியரிங் கேட்கும். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் வேண்டாம். எதற்கும் கேட்காமல் வண்டி போய்க்கொண்டே இருந்தால், மலைப் பக்கம் ஒதுக்கிக் குவித்திருக்கும் பனியில் கொண்டுபோய்ச் சாய்த்துவிடுங்கள். சுரங்கத்தின் தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் துண்டிக்குக் கீழே ஒரு முறை நான் அப்படித்தான் வண்டியை நிறுத்தினேன். இடது பக்கம் கதவு நசுங்கியது. அந்த முடிவை எடுக்க எனக்குக் கிடைத்தது இரண்டு நொடி. இறங்கும்போதே எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் பள்ளம் என்று மனதில் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. வளைவுக்கு வளைவு பக்கம் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

எந்த நேரத்தில் இறங்குகிறீர்கள் என்பது நீங்கள் போடும் கியரைவிட முக்கியம். பகலில் வெயில் பட்டுப் பனி உருகி ரோட்டில் நீராக ஓடும். வெயில் மலைக்குப் பின்னால் போனதும் அந்த நீர் கண்ணாடி போல உறையும். தார் ரோடு அதன் வழியாகக் கறுப்பாகவே தெரிவதால் ஈரம் என்று நினைத்து ஓட்டுவோம். அதைத்தான் பிளாக் ஐஸ் என்கிறார்கள். நிழல் விழும் வளைவுகளும் பாலங்களும் முதலில் உறையும். காலை பத்து மணிக்கு மேல் மணாலியிலிருந்து கிளம்பி, மூன்று மணிக்குள் சோலாங்குக்குக் கீழே வந்துவிடும்படி திட்டமிடுங்கள். சிஸ்ஸுவில் இன்னும் அரை மணி நேரம் இருக்கலாம் என்று மகள் அழுதாலும் கிளம்பிவிடுங்கள்.

ஸ்நோ செயின் அவசியம். பனி விழுந்த நாட்களில் சோலாங் பக்கம் போலீஸ் நிறுத்தி, ஃபோர் பை ஃபோர் வண்டிகளையும் செயின் போட்டவற்றையும் மட்டும் மேலே விடுவார்கள். உங்களை அப்படியே விட்டுவிடுவார்கள் என்பதற்காக செயின் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். அது ஏறுவதற்கான அனுமதி. பனிக்கட்டியில் வண்டியை நிறுத்தித் தரக்கூடியது செயின்தான். நான்கு சக்கரத்துக்கும் வாங்குங்கள். முன்னால் மட்டும் போட்டால் இறக்கத்தில் பின்பக்கம் வெட்டிக்கொண்டு வரும், பின்னால் மட்டும் போட்டால் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேராகப் போகும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைச் சொல்லி வாங்கி, சண்டிகரில் வீட்டு வாசலிலேயே இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். உறைந்த விரல்களோடு, பின்னால் ஹாரன் அடிக்கிற கூட்டத்துக்கு நடுவில் முதல் தடவையாக மாட்டுவது கொடுமை. செயினோடு 30 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். தார் ரோடு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

டயர் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கட்டை கட்டையாகப் பல் வைத்த ஆல் டெரைன் டயர் பனிக்கும் நல்லது என்கிறார்கள். புதுப் பனியிலும் சேற்றிலும் அது உதவும். ஆனால் வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுக ஆரம்பிக்கும், பனிக்கட்டியில் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பரே வேறு. மூன்று சிகரம் உள்ள மலையும் உள்ளே பனித்துளிப் பூவும் போட்ட முத்திரை அதில் இருக்கும். நம் நாட்டில் அது சுலபமாகக் கிடைக்காததால்தான் செயினை வலியுறுத்துகிறேன்.

காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டு மேலே போகச் சொல்பவர்களும் உண்டு. 5, 6 டிகிரி குளிர் கூடினால் டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். சண்டிகரிலிருந்து சிஸ்ஸு போகும்போது இப்படி 4 பிஎஸ்ஐ வரை குறையலாம். ஆனால் 3,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஏறக்குறைய அதே 4 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சரியாகிவிடும். மணாலியில் காலை, வண்டியை எடுக்கும் முன் ஒரு தடவை அளந்து, கம்பெனி சொன்ன அளவில் வைத்துக்கொண்டால் போதும்.

நம் ஊரிலிருந்து வருபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ரேடியேட்டர். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்தால் இன்ஜின் பிளாக்கே விரிசல் விடும். கிளம்பும் முன் பழையதை இறக்கிவிட்டு, கூலன்ட்டும் சுத்திகரித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றச் சொல்லுங்கள். சாதாரண டீசலும் கடும் குளிரில் மெழுகாகி ஃபில்டரை அடைக்கும். இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். அன்றே மணாலி திரும்பிவிடுவதானால் உங்களுக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஈரமான ஹேண்ட் பிரேக் உறைந்தால் காலையில் விடாது.

வழியில் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ள நேர்ந்தால், ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது சைலன்சர் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று அடிக்கடி இறங்கிப் பார்த்துத் தள்ளிவிடுங்கள். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். அடைபட்ட புகை உள்ளே வந்தால் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரை எடுக்கும். சின்ன மண்வெட்டி ஒன்று, இரண்டு சணல் சாக்கு, போர்வை, ஃப்ளாஸ்க்கில் வெந்நீர், அம்மாவின் மருந்து இவையெல்லாம் டிக்கியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சிஸ்ஸு கிராமத்தார் குளிர்காலத் தெய்வ வழிபாடுகளுக்காகச் சுற்றுலாவைச் சில வாரம் நிறுத்திவைப்பதும் உண்டு. போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும் நாளுக்கு முந்தைய நாள், குடும்பத்தை ஹோட்டலில் விட்டுவிட்டுத் தனியாகச் சோலாங் பக்கம் வாருங்கள். பனி அழுந்திய, சரிவில்லாத, ஆளில்லாத வெளி ஒன்றைத் தேடி, 15 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுக்க மிதியுங்கள். நின்ற இடத்திலிருந்து இறங்கி, மிதித்த இடம் வரை அடிகளை எண்ணிக்கொண்டு நடந்து பாருங்கள். பிறகு 25இல் ஒரு தடவை, செயின் போட்டு ஒரு தடவை. மூன்று எண்களும் மனதில் பதிந்த பிறகு அம்மாவையும் மகளையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.