ஞாயிற்றுக்கிழமை 20 சாப்பாடு: செம்பூரில் ஒரு செட்டிநாட்டு அடுப்பு

கேள்வி: மும்பை செம்பூரில் கணவர், மகளுடன் வசிக்கிறேன். பிறந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கம். அம்மாவிடமும் ஆச்சியிடமும் கற்ற சமையல்தான் என் சொத்து. ஆசிரியை வேலையை விட்டுவிட்டேன். கையில் 3 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. ருசி அறிந்து, விலை கொடுக்கத் தயங்காதவர்களுக்கு வீட்டிலிருந்தே செட்டிநாட்டுச் சாப்பாடு செய்து அனுப்ப ஆசை. தினமும் மதியச் சாப்பாடு, ஞாயிறன்று விருந்து என 24 பண்டங்களுக்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். உணவு டெலிவரி செயலிகளில் சேரலாமா? வீட்டுச் சமையலறை போதுமா, கடை பிடிக்க வேண்டுமா? என்ன உரிமம் வேண்டும்?

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். கடை வேண்டாம், தினசரிச் சாப்பாடும் இப்போது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒருவேளை மட்டும், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும், ஐந்தாறு பண்டங்களோடு 20 சாப்பாடு என்று ஆரம்பியுங்கள். வியாழன் இரவோடு முன்பதிவை மூடிவிட்டுப் பணத்தை முன்னதாகவே யுபிஐயில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்குச் சமைக்கப் போகிறோம் என்பது வெள்ளிக்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டால், வாங்கிய பொருளில் ஒரு பிடிகூட வீணாகாது. சிறு சமையலறைகள் நொடித்துப்போவது பெரும்பாலும் விற்காமல் மிஞ்சிய சாப்பாட்டால்தான்.

அடுத்து, உங்கள் பட்டியல். அந்த 24 பண்டங்களும் உங்கள் கையில் நன்றாக வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாடிக்கையாளர் உங்கள் அடுப்பருகே உட்கார்ந்து சாப்பிடப் போவதில்லை. மூடிய பெட்டியில் முக்கால் மணி நேரம் கிடந்து, செம்பூரிலிருந்து சயனுக்கோ காட்கோபருக்கோ பைக்கில் குலுங்கிப் போனதைத்தான் அவர் வாயில் வைக்கப் போகிறார். அந்த வாய்க்கு எது ருசிக்கும் என்று பார்த்துப் பட்டியலைத் திருத்துங்கள். நான் சொல்ல வருவதில் இதுவே தலையானது.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்ததும் ஓரம் மொறுமொறுவென்றும் நடுப்பகுதி பஞ்சு போலவும் இருப்பதுதான் அதன் அழகு. சூட்டோடு பெட்டியில் வைத்து மூடினால் ஆவி மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, திரும்பவும் பணியாரத்தின் மேலேயே சொட்டுகிறது. ஓரம் தொய்ந்து, எண்ணெய் வாடைதான் முன்னே நிற்கிறது. மூடியில் துளை போட்டால் சூடு போய்விடும். ஆசையாக இருந்தாலும் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வெண்டைக்காய் மண்டி இதற்கு நேர் எதிர். அரிசி கழுநீரில் புளி சேர்த்துக் கொதித்த அது, நேரம் ஆக ஆகப் புளிப்பும் காரமும் ஒன்றோடொன்று சேர்ந்து மேலும் ருசிக்கும். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டுச் சுருள வதக்கிய உப்புக் கறியும் அப்படித்தான். அதில் குழம்பு இல்லாததால் கசிவு என்ற தொல்லையும் இல்லை. இனிப்புகளில் கும்மாயமும் கவுனி அரிசியும் பெட்டியில் வடிவம் குலையாமல் போய்ச் சேரும். கவுனி அரிசிக்கான தேங்காய்த் துருவலை மட்டும் கடைசி நேரத்தில் துருவித் தனியாகக் கட்டிக் கொடுங்கள்.

விற்பதற்கு முன் ஒரு ஞாயிறன்று இப்படிச் சோதித்துப் பாருங்கள். முழுச் சாப்பாட்டையும் பெட்டிகளில் அடைத்து ஆட்டோவில் சயன் வரை கொண்டுபோய்த் திரும்பி வாருங்கள். பெட்டியை நீங்கள் திறக்காமல், செட்டிநாட்டுச் சமையலையே அறியாத மராத்தி அல்லது குஜராத்தி அண்டை வீட்டாரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். எது எந்தக் கிண்ணத்துக்கு உரியது, எதை எதோடு பிசைந்து சாப்பிடுவது என்று அவர்கள் திகைக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைச் சிறு அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியோடும் வையுங்கள். இந்த ஊரில் கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்களில் பாதிப் பேராவது தமிழர் அல்லாதவர்களாக இருப்பார்கள் என்று எதிர்பாருங்கள்.

ருசிக்கு அடுத்தபடி உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது சோறு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். வடிக்கும் சூட்டில் அவை சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே விற்பனைக்கான சோற்றை முந்தைய நாள் வடித்து வைக்கும் பேச்சே கூடாது. பொதுவான விதி, சூடான உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேலே, குளிர்ந்த உணவு 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. குழம்பு, கறி வகைகளை முன்கூட்டிச் செய்தால் 60 பாகையிலிருந்து 21 பாகைக்கு 2 மணி நேரத்துக்குள் ஆற்றி, பிறகு குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். பெரிய அண்டாவில் அப்படியே விட்டால் மும்பையின் மே மாதத்தில் அது நடக்காது. அகலமான தட்டுகளில் பரப்புங்கள். உணவு வெப்பமானி ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள். பெட்டியின் மேல் சமைத்த நேரத்தையும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.

உரிமத்தைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. வீட்டில் சமைத்து விற்றாலும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் தேவையில்லை. 2011-ஆம் ஆண்டு விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களைப் பதிவு மட்டும் போதுமானவர்கள் என்று வகுத்தன. இத்தகைய வரம்புகள் திருத்தப்படுவது உண்டு என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு வரம்பை அங்கேயே பாருங்கள். உங்கள் கணக்கு அதற்கு வெகு கீழே. 20 சாப்பாடு, 450 ரூபாய், 52 ஞாயிறு என்றால்கூட 4 லட்சத்து 68 ஆயிரம்தான். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பில்லில் அச்சிட வேண்டும். மாநகராட்சி தரப்பில் செம்பூர் எம் மேற்கு வார்டுக்குள் வருகிறது. வீட்டு அளவிலான சமையலுக்கு என்ன அனுமதி கேட்கிறார்கள் என்று அந்த வார்டு அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் நேரில் கேளுங்கள்.

அரசு அலுவலகங்களைவிடக் கவனமாக அணுக வேண்டியது உங்கள் குடியிருப்புச் சங்கத்தை. மும்பையில் வீட்டுச் சமையலறைகளுக்கு வரும் முதல் சிக்கல் பெரும்பாலும் மேல்மாடியிலிருந்து வருகிறது: லிப்டில் டெலிவரி ஆட்கள், மாடிப்படியில் மசாலா நெடி, சைவக் குடும்பத்தின் ஜன்னலுக்கு நேரே கறி வதங்கும் வாடை. தொடங்கிய பிறகு அவர்கள் கேள்விப்படுவதைவிட, தொடங்குமுன் நீங்களே செயலாளரிடம் போய், ஞாயிறு ஒருநாள்தான், பெட்டிகளை வாசலில் நானே கொண்டுவந்து கொடுப்பேன் என்று சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடமும் வாங்குங்கள். கேஸ் விஷயத்திலும் ஒளிவு மறைவு வேண்டாம். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிப்பது விதிமீறல். வணிகத்துக்கு 19 கிலோ சிலிண்டர் தனி. அதை உங்கள் கட்டடத்தில் வைக்க இடமும் சங்கத்தின் அனுமதியும் உண்டா என்று முதலில் பாருங்கள். குழாய் எரிவாயு இருந்தால் அந்த நிறுவனத்திடம் வணிக இணைப்பு பற்றிக் கேட்டுவிடுங்கள்.

இனி விலை. வீட்டுச் சமையலை விற்கும் பெண்கள் பலர் தங்கள் உழைப்புக்கு விலை போடுவதே இல்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தொகைகளை உங்கள் சந்தை விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சாப்பாட்டுக்கு மளிகை, கறி, காய்கறி 160 ரூபாய், பெட்டிகளும் பையும் 35, எரிவாயுவும் மின்சாரமும் 15, சேதாரம் 10. உதவிக்கு வருபவருக்கு நாள் கூலி 800 கொடுத்தால் 20 சாப்பாட்டில் தலைக்கு 40. உங்கள் ஒருநாள் உழைப்புக்கு 1,200 வைத்தால் தலைக்கு 60. மொத்தம் 320. நேரடியாக 450 ரூபாய்க்கு விற்று, டெலிவரிக் கட்டணத்தை வாடிக்கையாளரே கொடுத்தால் சாப்பாட்டுக்கு 130 ரூபாய் நிற்கும்.

அதே சாப்பாடு செயலி வழியே போகிறது என்று வையுங்கள். தரகு 25 சதவீதம் என்றால் 112 ரூபாய் 50 காசு. அந்தத் தரகின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 20 ரூபாய் 25 காசு. ஆக 132 ரூபாய் 75 காசு போய்விடுகிறது. உங்களுக்கு மிஞ்ச வேண்டிய 130 போய், அதற்கு மேலும் கையிலிருந்து 2 ரூபாய் 75 காசு போகிறது. இதில் தள்ளுபடி, விளம்பரச் செலவு எதையும் நான் சேர்க்கவில்லை. செயலிகள் கெட்டவை என்று சொல்லவில்லை. தினம் நூறு பெட்டி அனுப்பும் சமையலறைக்கு அவை வேறு கணக்கு. 20 சாப்பாட்டுக்குச் செம்பூர், சேடா நகர், மாட்டுங்கா வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களே போதும். ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த வாரப் பட்டியலை ஒரு படத்தோடு அனுப்புங்கள். பெட்டிகளைக் கொண்டுசேர்க்க போர்ட்டர் போன்ற சேவைகளை அழைக்கலாம். முதலில் இந்த வட்டாரத்துக்குள்ளேயே நின்றுகொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கவலை வேண்டாம், ஆண்டு விற்பனை 20 லட்சத்தை எட்டும்போது பார்த்துக்கொள்ளலாம். பின்னாளில் செயலியில் சேர்ந்தால், அதன் வழியே விற்கும் சாப்பாட்டுக்கான ஜிஎஸ்டியை 2022 ஜனவரி 1 முதல் அந்த நிறுவனமே கட்டுகிறது.

கறி வாங்கும்போது எடை ஒரு கணக்கு, வெந்த பிறகு எடை வேறு கணக்கு. ஒருமுறை சமைத்து எடை போட்டு, ஒரு பெட்டிக்கு இத்தனை கிராம் என்று எழுதி சுவரில் ஒட்டுங்கள். கண் அளவில் அள்ளினால் தெரிந்தவர்களுக்குக் கூடுதலாகவும் கடைசிப் பெட்டிக்குக் குறைவாகவும் போகும். அந்தக் கடைசிப் பெட்டிக்காரர் மறுபடி வரமாட்டார். கல்பாசி, மராட்டி மொக்கு, மிளகு போன்றவற்றை மொத்தமாக வாங்க ஹார்பர் லைனில் நேராக வாஷி சந்தைக்குப் போய்வரலாம். வாழை இலையும் சின்ன வெங்காயமும் மாட்டுங்காவில் கிடைக்கும். பிளாஸ்டிக் கரண்டி, தட்டு போன்றவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. மகாராஷ்டிரத்தில் 2018 முதலே தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. உணவைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கவும் கூடாது.

ஆண்டு முழுவதும் ஒரே விற்பனை இருக்காது. ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குக் கடலில் விசைப்படகு மீன்பிடித் தடை இருப்பதால் நல்ல மீன் அரிது, விலையும் எகிறும். அப்போது மீன் குழம்பை எடுத்துவிடுங்கள். பெருமழை நாளில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் தேங்கி மாட்டுங்கா போகும் வழி அடைபடும். அன்று ஒத்திவைப்போம் அல்லது பணத்தைத் திருப்பித் தருவோம் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். மராத்தியர்களில் பலர் ஷ்ராவண மாதம் அசைவம் தொடமாட்டார்கள். அந்த வாரங்களில் முழுச் சைவ விருந்து போடுங்கள், செட்டிநாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. சமண வாடிக்கையாளர் கேட்டால் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் செய்வது உங்களால் முடியுமா என்று யோசித்து, முடியாவிட்டால் தெளிவாக மறுத்துவிடுங்கள். ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்தில் போகும் சமையலறையில் அந்த வாக்குறுதியைக் கொடுக்கக் கூடாது.

சேமிப்பில் முதல் ஆறு மாதத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் தொடாதீர்கள். கூடுதல் குளிர்சாதனப் பெட்டி, டிஜிட்டல் தராசு, வெப்பமானி, அடிகனமான இரண்டு பாத்திரங்கள், நல்ல புகைபோக்கி, முதல் சில வாரங்களுக்கான பெட்டிகள் ஆகியவற்றுக்கு அது போதும்.

ஞாயிறு விருந்துக்கு இடம் இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பும் நிலை இரண்டு மூன்று மாதம் தொடர்ந்த பிறகு, தினசரி மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம். அலுவலகங்களுக்கு அனுப்புவதானால் உங்கள் தெருவுக்கு வரும் டப்பாவாலாவிடம் விசாரியுங்கள். அவர்கள் காலை 9 மணியை ஒட்டி டப்பாவை எடுக்க வந்துவிடுவார்கள் என்பதால், உலை 6 மணிக்காவது கொதிக்க வேண்டும். மகளைப் பள்ளிக்கு அனுப்பும் அதே நேரம் அது. உதவிக்கு வருபவர் அந்த நேரத்துக்கு வருவாரா என்பதை அவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.