இரவு முழுக்க வெட்டுப்படாத லைன்: மொடெமில் பிழையா, பூட்டியவரில் பிழையா?

கேள்வி: நெல்லியடியில் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கிறோம், சாவகச்சேரியில் ஒரு கிளை. நெல்லியடிக் கடையின் கணக்கெல்லாம் எஸ்சிஓ யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் போட்ட கொம்பியூட்டரில். புறோகிராம் எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், மாற்ற வழியில்லை. கிளையில் லினக்ஸ். கடை பூட்டுமுன் பொடியன் மினிகொம் என்ற டயல் புறோகிராமில் நெல்லியடிக்கு மொடெம் வழியாக டயல் பண்ணி அன்றைய விற்பனைப் பைலை அனுப்புவான். பைல் ஒழுங்காகப் போகிறது. ஆனால் சில நாட்களில் லைன் வெட்டுப்படாமல் விடியும்வரை இருந்து பில் ஏறிவிட்டது. ஒருநாள் இடையில் லைன் அறுந்து திரும்ப எடுத்தபோது, பெயரும் கடவுச்சொல்லும் கேட்காமலே பழைய இடத்துக்கு நேரே போய்விட்டது. வேகமும் 28,800ஐத் தாண்டுவதில்லை. இரண்டு மொடெமையும் மாற்றி நல்ல 56கே மொடெம் எடுக்கச் சொல்கிறார் பூட்டித் தந்தவர். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் இரண்டு மொடெமும் சுகமாக இருக்கின்றன. பைல் பிழையில்லாமல் போய்ச் சேருகிறதென்றால் மொடெம் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். பிழை வேறு இடத்தில்.

கடைக்கு வந்த ஆள் வெளியே போய்விட்டார் என்று வாசலில் நிற்கிறவர் சொல்லாவிட்டால், உள்ளே இருக்கும் முதலாளி அவர் இன்னும் நிற்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். நெல்லியடியில் நடப்பது அதுதான். லைன் அறுந்தது மொடெமுக்குத் தெரியும். அது ரெலிபோனை வைத்துவிட்டது. ஆனால் கொம்பியூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் பொடியன் திறந்து வைத்த இடம் அப்படியே திறந்து கிடந்தது, அடுத்து எடுத்தவர் அதற்குள் போய் விழுந்தார். அடுத்து எடுத்தவர் உங்கள் ஆளாக இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். எல்லா அதிகாரமும் உள்ள ‘ரூட்’ பெயரில் உள்ளே போகும் பழக்கம் பொடியனுக்கு இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். பைல் அனுப்ப ஒரு சாதாரணப் பெயர் போதும்.

பில் ஏறியதற்கும் காரணம் இதே குடும்பம்தான். வேலை முடிந்து வெளியேறியதும் நெல்லியடிக் கொம்பியூட்டர் மொடெமைப் பார்த்து ‘ரெலிபோனை வை’ என்று சொல்ல வேண்டும். அந்தச் செய்தியும் போகவில்லை. ஆக, மொடெமிலிருந்து கொம்பியூட்டருக்கு ஒன்று, கொம்பியூட்டரிலிருந்து மொடெமுக்கு ஒன்று என இரண்டு செய்திகள் தடைப்பட்டுக் கிடக்கின்றன.

எங்கே தடை? நான் பந்தயம் கட்டுவேன்: உங்கள் எஸ்சிஓவில் மொடெம் கொழுவியிருக்கும் ‘ரீ-ரீ-வை-1-ஏ’ என்ற வாசல், ஆங்கிலச் சின்ன எழுத்து ஏயில் திறந்திருக்கும். எஸ்சிஓவில் ஒரே சொக்கற்றுக்கு இரண்டு பெயர் உண்டு. கடைசி எழுத்து சின்ன ஏ என்றால் ‘இது வெறும் வயர், மொடெமின் சமிக்ஞையைக் கவனிக்காதே’ என்று பொருள். பெரிய ஏ என்றால்தான் லைன் இருக்கிறதா இல்லையா என்று கொம்பியூட்டர் பார்க்கும். லினக்ஸில் இப்படி இரண்டு எழுத்துக் கிடையாது, அதனால் லினக்ஸ் மட்டும் பழகியவர்களுக்கு இது கண்ணில் படாது.

பூட்டியவர் ஏன் சின்ன ஏயைத் திறந்தார்? அவருக்குத் தெரியாமல் இல்லை. முதலில் பெரிய ஏயைத்தான் போட்டிருப்பார். பெயர் கேட்கும் வரி வந்திருக்காது. ஏனென்றால் கேபிளில் மூன்று வயர்தான் இருந்திருக்கும்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, எர்த் ஒன்று. ரவுனில் கையால் ஈயம் பிடித்து விற்கும் கேபிள்களில் பாதி இப்படித்தான். ‘லைன் வந்துவிட்டது’ என்று சொல்லும் வயரே இல்லாத கேபிளில், பெரிய ஏ அந்தச் செய்திக்காக விடிய விடியக் காத்திருக்கும். கேபிளை மாற்றக் காசு செலவாகும், சின்ன ஏக்கு மாற்றச் செலவில்லை. மாற்றினார், பெயர் கேட்கும் வரி வந்தது, கூலியை வாங்கிக்கொண்டு போனார். இப்போது அவரே வந்து மொடெம் பழுது என்கிறார்.

எனவே ஒழுங்கு முக்கியம். முதலில் கேபிள், அடுத்தது மொடெமின் செற்றிங், கடைசியில்தான் அந்த எழுத்து. மாற்றிச் செய்தால் பெயர் கேட்கும் வரியே வராமல், நான் சொன்னது பிழை என்று நினைப்பீர்கள்.

கேபிள்: தலையில் இருக்கும் இரண்டு திருகாணியைக் கழற்றினால் உள்ளே வயர்களை எண்ணலாம். கொம்பியூட்டர் பக்கம் ஒன்பது பின், மொடெம் பக்கம் இருபத்தைந்து பின் என்றால், ஒன்பதின் 1ஆம் பின் இருபத்தைந்தின் 8ஆம் பின்னுக்கும், ஒன்பதின் 4ஆம் பின் இருபத்தைந்தின் 20ஆம் பின்னுக்கும் போக வேண்டும். முதலாவது லைன் இருக்கிறதா என்று சொல்வது, மற்றது ‘வை’ என்று சொல்வது. இந்த இரண்டும் இல்லாத கேபிளைத் தூக்கி எறியுங்கள். கடையில் கேட்கும்போது மொடெமுக்கான நேர் கேபிள் என்று கேளுங்கள். இரண்டு கொம்பியூட்டரை நேரடியாகப் பொருத்தும் குறுக்குக் கேபிளும் பார்வைக்குக் கிட்டத்தட்ட அதேபோல் இருக்கும். அதைப் போட்டால் மொடெம் வாயே திறக்காது. இரண்டு கடையிலும் பாருங்கள்.

மொடெம் செற்றிங்கை எஸ்சிஓவில் இருந்து செய்யக் கஷ்டப்பட வேண்டாம். நெல்லியடி மொடெமைக் கழற்றிச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய் லினக்ஸில் பூட்டி, மினிகொம்மின் வேகத்தை எஸ்சிஓவில் அந்த வாசலுக்கு வைத்திருக்கும் வேகத்துக்கே வையுங்கள். 38,400 என்றால் இரண்டிலும் 38,400. இது கொம்பியூட்டருக்கும் மொடெமுக்கும் இடையிலான வேகம், லைனில் ஓடுவது வேறு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிறகு ரெலிபோனில் சொல்வதுபோல் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். முதலில் ‘ஏ-ரீ அன்ட்-எஃப்’, பழைய குப்பையெல்லாம் துடைபடும். யூஎஸ் ரொபோட்டிக்ஸ் மொடெம் என்றால் எஃப்புக்குப் பின்னால் ஒரு 1 சேருங்கள். அடுத்து ‘ஏ-ரீ அன்ட்-சி-1 அன்ட்-டி-2’. லைன் இருந்தால் மட்டும் சொல், கொம்பியூட்டர் சொன்னால் வை, என்பது அதன் பொருள். கடைசியாக ஒரே வரியில் ‘ஏ-ரீ எஸ்-சைபர் சமன் 1, ஈ-சைபர், கியூ-1, அன்ட்-டபிள்யூ’. கொமாவும் இடைவெளியும் இல்லாமல் அடியுங்கள். முதல் மணிக்கே எடு, திருப்பிச் சொல்லாதே, பேசாதே, இதையெல்லாம் ஞாபகத்தில் வை.

இந்தப் ‘பேசாதே’யை விட்டுவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். கொம்பியூட்டர் ‘பெயர்?’ என்று கேட்கும், மொடெம் அதையே திருப்பிச் சொல்லும், அதுதான் பெயர் என்று நினைத்துக் கொம்பியூட்டர் கடவுச்சொல் கேட்கும், மொடெம் அதையும் திருப்பிச் சொல்லும். இப்படியே இரண்டும் கொழுவிக்கொண்டிருக்க உங்கள் கணக்குப் புறோகிராம் ஊரத் தொடங்கும். சரி, ஒன்றை ஞாபகம் வையுங்கள்: இந்த வரிக்குப் பின் ‘ஏ-ரீ’ என்று அடித்தால் ‘ஓகே’ வராது. மொடெம் சாகவில்லை, நீங்கள்தான் வாயை மூடச் சொன்னீர்கள். ஓகே வரவில்லை என்று புதிதாக விற்க ஆள் வரும்.

சாவகச்சேரி மொடெமுக்கும் சி-1, டி-2 வேண்டும். எஸ்-சைபர் சமன் 0 வையுங்கள், அது யாருடைய அழைப்பையும் எடுக்கத் தேவையில்லை. ஈயும் கியூவும் அங்கே வேண்டாம், பொடியனுக்கு ஓகே தெரிய வேண்டும்.

இனி எஸ்சிஓவில் சின்ன ஏ வாசலை மூடிப் பெரிய ஏ வாசலைத் திறவுங்கள். ‘டிசேபிள்’, ‘இனேபிள்’ என்ற இரண்டு கட்டளைதான், ரூட்டாக இருந்து செய்ய வேண்டும். ஆனால் எஸ்சிஓவில் எந்த வாசல் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் ‘இனிட்ராப்’ பைலைக் கையால் திருத்தி நிம்மதியாக இருக்க முடியாது. எப்போதாவது கேர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, திரும்பக் கட்டினால், ‘கொன்ஃப்’ அடைவின் கீழ் ‘இனிட்-டி’யில் இருக்கும் ‘எஸ்ஐஓ’ பைலைப் பார்த்து அது புதிதாக எழுதப்படும். உங்கள் திருத்தம் காற்றோடு போய்விடும். எஸ்ஐஓ பைலிலும் அதே வரியைத் திருத்திவிடுங்கள்.

மொடெமின் முன்பக்க லைற்றுகள் பொய் சொல்லாது. யாரும் எடுக்காத நேரத்தில் ‘சிடி’ (லைன் இருக்கிறது என்பது) அணைந்திருக்க வேண்டும், ‘ரீஆர்’ (கொம்பியூட்டர் தயார் என்பது) எரிய வேண்டும். அழைப்பு வந்து கீச்சிட்டு முடிந்ததும் சிடி எரியும். சாவகச்சேரியில் பொடியன் வெளியேறியதும் நெல்லியடியில் ரீஆர் ஒரு கணம் கண் சிமிட்டி, சிடியும், ரெலிபோன் எடுபட்டிருக்கிறது என்று காட்டும் ‘ஓஎச்’சும் அணைய வேண்டும். அணைந்தால் உங்கள் பில் பிரச்சினை முடிந்தது. யாரும் லைனில் இல்லாதபோதும் சிடி எரிந்துகொண்டே இருந்தால் மொடெமின் பின்னாலோ அடியிலோ இருக்கும் சின்னச் சுவிச்சுகளைப் பாருங்கள். சில மொடெம்களில் அதுதான் அதிகாரம், நீங்கள் அடித்த கட்டளைக்கு மேலே நிற்கும்.

பொடியனுக்கும் ஒரு சொல். மினிகொம்மிலிருந்து வெளிவர இரண்டு வழி உண்டு. கொன்ட்ரோல்-ஏ அடித்து ‘கியூ’ என்றால் மொடெமைத் தொடாமல் விட்டுவிட்டு வரும், லைன் அப்படியே இருக்கும். ‘எக்ஸ்’ என்றால் மொடெமை மீட்டமைத்துவிட்டு வரும். ‘சில நாட்களில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நாட்களில் கியூ அடித்திருப்பான். முதலில் நெல்லியடியிலிருந்து ஒழுங்காக வெளியேறி, பிறகு கொன்ட்ரோல்-ஏ, ‘எச்’ அடித்து ரெலிபோனை வைத்து, அப்புறம் எக்ஸ். கைவேலையே வேண்டாமென்றால் யுயுசிபி என்ற பைல் அனுப்பும் புறோகிராம் இரண்டு பக்கமும் ஓடும். பைலை வரிசையில் வைத்து, தானே டயல் பண்ணி, போகாவிட்டால் பிறகு முயன்று, முடிந்ததும் தானே வைத்துவிடும். முதலில் வயரைத் திருத்துங்கள், அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது அந்த 56கே கதை. 56,000 என்பது ஒரு முனை தொலைபேசி நிலையத்தின் டிஜிற்றல் பக்கத்தில் நேரடியாக இருந்தால்தான். அந்தக் காலத்தில் இன்ரநெற் கொம்பனிகள் அப்படி வைத்திருந்தன, அதுவும் அவர்களிடமிருந்து நமக்கு வரும் திசையில் மட்டும். உங்கள் இரண்டு கடையும் செப்பு வயரின் இரண்டு நுனியில். அங்கே உச்சம் 33,600. எந்த விலை மொடெமைப் போட்டாலும் அதற்கு மேல் இல்லை. 28,800 நல்ல லைனின் அடையாளம். அந்த வேகத்தில் 600 கிலோபைற் பைல் மூன்று நிமிடத்துக்குள் போய்விடும். இன்னும் குறைய வேண்டுமென்றால் பைலைச் சுருக்கி அனுப்புங்கள், காசில்லாத வேலை.

அவர் காட்டும் ‘நல்ல மொடெம்’ உள்ளே செருகும் மட்டையா என்றும் பாருங்கள். வின்மொடெம் என்பது அரை மொடெம்; மிச்ச வேலையை விண்டோஸ் டிரைவர் செய்யும். எஸ்சிஓவுக்கு அது வெறும் பிளாஸ்ரிக். ‘லினக்ஸ் டிரைவர் இருக்கு’ என்பார், அது முழுப்பொய் அல்ல. லூசென்ற் சிப் வைத்த சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் ஒன்று உண்மையிலேயே வந்தது, ஓடியதும் உண்டு. ஆனால் அதன் ஒரு பகுதி மூலநிரல் இல்லாத மூடிய பொட்டலம். கேர்னல் மாறினால் திரும்பக் கட்ட வேண்டும். கட்டுப்படாவிட்டால் நிலைமை அவ்வளவுதான். பெட்டியில் லூசென்ற் என்று எழுதியிராது, சிப்பைப் பார்த்துத்தான் அறிய வேண்டும், அதே பெயரில் அடுத்த தொகுதி வேறு சிப்போடு வரும். எல்லாம் பொருந்தி வந்தாலும் சாவகச்சேரியில் மட்டும்தான் பயன், நெல்லியடியில் அப்போதும் பிளாஸ்ரிக். வெளியே வைக்கும், லைற் எரியும், தனிக் கரண்ட் பெட்டி உள்ள உங்கள் பழைய மொடெமே ராசா.

லைனைப் பற்றிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். மாரியில் சந்திப் பெட்டிக்குள் தண்ணீர் போனால் இரைச்சல் கூடும், மொடெம் அறுக்கும். புகார் கொடுத்தால் ‘பேசினால் கேட்குதுதானே?’ என்பார்கள். மொடெம் என்று வாய் திறந்தால் அந்தப் புகார் அங்கேயே முடிந்தது. சாதாரணப் போனைக் கொழுவி, ஒரே ஓர் இலக்கத்தை அமத்தினால் டயல் ஒலி நின்று அமைதியாகும். அப்போது சீறலோ பொரிதலோ கேட்டால் ‘பேசும்போது இரைச்சல்’ என்று மட்டும் புகார் எழுதுங்கள். காத்திருப்பு அழைப்பு வசதியையும் நிறுத்தச் சொல்லுங்கள், அந்த ‘பீப்’ நடுவில் விழுந்தால் தொடர்பு போய்விடும். மொடெம் லைனில் இரண்டாவது போன் கொழுவியிருந்தால் கழற்றுங்கள்.

செப்பு வயரை எடுத்துவிட்டுப் பைபர் தர வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். பைபர் பெட்டியிலும் போன் சொக்கற் இருக்கும், குரலும் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே குரல் பொட்டலம் பொட்டலமாகப் போவதால் மொடெமின் கீச்சொலி குழம்பும். கம்பியில்லாத சிடிஎம்ஏ வீட்டுப் போனில் மொடெம் வேலையே செய்யாது. பைபரில் வேகத்தை 9,600க்கு மட்டுப்படுத்தினால் சில வேளை பிடித்து நிற்கும், நிற்காமலும் போகலாம். இரண்டு கடைக்கும் பைபர் வந்துவிட்டதென்றால் மொடெமை விட்டுவிட்டு இன்ரநெற் வழியாகவே பைலை அனுப்பலாம். ஆனால் அந்த எஸ்சிஓ கொம்பியூட்டரை நேரே இன்ரநெற்றில் கொழுவாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு லினக்ஸ் கொம்பியூட்டரை வைத்து, இரண்டையும் அந்தக் குறுக்குக் கேபிளால் பொருத்தி, வெளியுலகோடு லினக்ஸை மட்டும் பேச விடுங்கள்.