மிதவாதியின் ஐந்து வருடம்

அன்புள்ள ஐயா,

'மதுரை காந்தி' என்.எம்.ஆர். சுப்பராமன் 1962 முதல் 1967 வரை மதுரையின் காங்கிரஸ் எம்.பி. இந்தி எதிர்ப்பில் ஊரே கொதித்த காலம். "மிதவாதின்னா யாருக்கும் நோகாமப் பேசுறவருதானப்பா" என்பார் எங்கள் தாத்தா. சுப்பராமன் டெல்லிக்குப் போய் என்ன பயன்?

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

தாத்தாவின் கோபத்தில் நியாயம் உண்டு. 1963 ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றது. 'தொடர வேண்டும்' என்று கேட்டது தமிழ்நாடு. அந்த ஒரு விகுதிக்குள் ஒரு தலைமுறையின் வேலையும் படிப்பும் இருந்தன. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் கைகலப்பு மூண்டது; அங்கிருந்துதான் கலவரம் மாநிலமெங்கும் பரவியது. ஊர் ஒரு பக்கம், கட்சி ஒரு பக்கம். கட்சிக்குள் பேசிப் பேசியே காரியம் சாதிக்கிற மனிதருக்கு அதைவிடக் கொடுமையான இடம் கிடையாது. தெரு எரியும்போது மெதுவான குரல் எடுபடாது. 1967-ல் மதுரை, மார்க்சிஸ்ட் பி. ராமமூர்த்தியை அனுப்பியது.

ஆனால் 'யாருக்கும் நோகாமல்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர், சாதியால் நுழைவு மறுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டவர்களை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனாரே, அந்தப் போராட்டத்துக்குத் தோள் கொடுத்தவர் சுப்பராமன். அப்போது அவர் நகராட்சித் தலைவர். ஓட்டு, பதவி, உறவு எல்லாம் அந்தக் கோபுரத்தைச் சுற்றிய தெருக்களிலேயே இருந்த மனிதர். பட்டர்களில் ஒரு சாரார் பூஜைக்கே வர மறுத்தார்கள். எத்தனை பேருக்கு நொந்திருக்கும்! பிறகு, நிலமில்லாதவர்களுக்கு நிலம் திரட்டிய பூதான இயக்கத்துக்குத் தன் நிலத்தையே எழுதிக் கொடுத்தார். குரலில்தான் மிதம், செய்கையில் இல்லை.

டெல்லி வருடங்களை அவருடைய பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். போகும்போதே வயது 56. செய்ததில் பெரும்பகுதி ஊரிலேயே முடிந்திருந்தது. அடுத்த முறை மதுரை வந்தால் தமுக்கம் மைதானத்துக்குப் பக்கத்தில் உள்ள காந்தி மியூசியத்துக்குள் போய்ப் பாருங்கள். 1959-ல் நேரு திறந்து வைத்தது. அதை உருவாக்க முன்நின்றவர்களில் சுப்பராமனும் ஒருவர். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணி அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ரத்தக்கறை பழுப்பேறிக் கிடக்கும். சளசளவென்று வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். 1962-ல் சுப்பராமன் தோற்கடித்தது சாதாரண ஆளை அல்ல, அப்போதைய எம்.பி., கம்யூனிஸ்ட் கே.டி.கே. தங்கமணியை. அந்தத் தேர்தலில் தாத்தா யாருக்கு ஓட்டுப் போட்டார்? விசாரித்து எழுதுங்கள்.