முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் கண்ணகி கோயிலுக்கு

கேள்வி: தேனி–இடுக்கி எல்லையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது 64 வயதான என் தாயாரின் நெடுநாள் ஆசை. அவருக்கு முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உண்டு. பளியன்குடி வழியாக நடப்பது நல்லதா, குமுளியிலிருந்து ஜீப்பில் போவது நல்லதா? கூட்டமில்லாத வேறு நாளில் போக முடியுமா?

பதில்: வேறு நாளில் போக முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, சித்ரா பௌர்ணமியன்று மட்டுமே பக்தர்களுக்கு அனுமதி உண்டு. குமுளியிலிருந்து செல்லும் பாதை பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்வதால், மற்ற நாட்களில் வனத்துறை யாரையும் விடுவதில்லை. நாளும் ஆண்டுதோறும் நகரும். 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. எனவே பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகே விடுப்பு எடுங்கள். விழாவுக்குச் சில வாரங்கள் முன்பாக இரு மாவட்ட ஆட்சியர்களும் கூடிப் பேசி முடிவு செய்யும் நேரக் கட்டுப்பாடுகள் நாளிதழ்களில் வந்துவிடும். அவற்றைத் தவறாமல் படியுங்கள்.

வழியைப் பொறுத்தவரை, உங்கள் தாயாருக்கு ஜீப்தான். லோயர் கேம்ப் அருகிலுள்ள பளியன்குடியிலிருந்து நடைபாதை ஆறேழு கிலோமீட்டர்தான் என்றாலும், பள்ளத்தாக்கின் அடியிலிருந்து, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்திலுள்ள கோயிலுக்கு அது செங்குத்தாக ஏறுகிறது. மூச்சு வாங்கினால் உட்கார்ந்து ஏறிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முழங்கால் வலிக்காரரை வீழ்த்துவது ஏற்றமன்று, இறக்கம். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தாங்கி நிறுத்துவது முழங்கால்தான். பாதி வழியில் கால் மறுத்துவிட்டால் தூக்கிக்கொண்டு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஜீப் பயணமும் சொகுசானதன்று. சுமார் 14 கிலோமீட்டர் மண்பாதையில், குழியும் கல்லுமாகக் குலுக்கி எடுத்துவிடும். முன்னிருக்கையைக் கேட்டு வாங்குங்கள். பின்புறம் பக்கவாட்டுப் பலகையில் உட்கார்ந்தால் இடுப்பு தாங்காது. பின்புறமே கிடைத்தால், முழங்கால் உயரத்திலிருக்கும் படியில் ஏறும்போது வலியில்லாத காலை முதலில் வைக்கச் சொல்லுங்கள். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில் தரையைத் தொட வேண்டும். இந்தச் சிறு பழக்கத்தை வீட்டு வாசற்படியிலேயே ஒரு வாரம் பழக்கிவிடலாம். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து சிறிது தூரம் நடக்க வேண்டியிருப்பதால் ஊன்றுகோல் அவசியம்.

முந்தைய இரவே குமுளியில் தங்கி, விடியுமுன் ஜீப் வரிசைக்குப் போய்விடுங்கள். அண்மை ஆண்டுகளில் பிற்பகல் 2.30 மணி வாக்கில் மேலே விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதைவிட முக்கியமானது கோடை மழை. சித்திரை மாதத்து மலையில் மதியத்துக்குப் பிறகு இடி மின்னலுடன் மழை பிடித்தால் அந்த மண்பாதை சேறாகிவிடும். எனவே நண்பகலுக்குள் தரிசனத்தை முடித்து இறங்கத் தொடங்குவதே நல்லது.

வரிசை நீளும், கழிப்பிட வசதி குறைவு என்று பயந்து, இரத்த அழுத்தத்துக்கான, சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் நீர் மாத்திரையை அன்று விட்டுவிடுபவர்கள் உண்டு. தாமாக நிறுத்த வேண்டாம். எந்த நேரத்தில் போடலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டுபோங்கள். நெகிழிப் பொருட்களையும் அசைவ உணவையும் சோதனைச் சாவடியில் தடுத்துவிடுவார்கள்.

கோபுரமும் மண்டபமுமாக எழுந்து நிற்கும் கோயிலை எதிர்பார்த்து வந்து ஏமாந்தவர்களைக் கண்டிருக்கிறேன் என்பதால், இதையும் தாயாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இப்போது அங்கே இருப்பவை பெரும்பாலும் சரிந்த கருங்கற் சுவர்களும் புல் முளைத்த இடிபாடுகளுமே. மதுரையை எரித்த கண்ணகி மேற்கே நடந்து வந்து ஏறியதாகச் சிலப்பதிகாரம் கூறும் குன்று இதுவே என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் அறிவித்தார். வெயில் ஏறிவிட்டால் அந்தக் கருங்கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. சன்னதிக்கு முன் வரிசையில் நிற்கும்போது காலடியில் போட்டுக்கொள்ள ஒரு பழைய பருத்தித் துண்டை எடுத்துச் செல்லுங்கள்.