இலங்கையில் கருக்கலைப்புச் சட்டம் ஏன் இன்னும் மாறவில்லை? மக்கள்தான் எதிர்க்கிறார்களா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கொழும்பின் வெள்ளவத்தையில் பலர் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, அங்குள்ள சட்டம்தான் இங்கும் என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் 1971 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. இங்கே இன்னும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான். அதன் 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புச் செய்யலாம். மற்றபடி 3 ஆண்டுவரை சிறை. வயிற்றில் குழந்தை அசையத் தொடங்கிய பிறகென்றால் 7 ஆண்டுவரை. செய்தவர் மட்டுமல்ல, அந்தப் பெண்ணும் குற்றவாளிதான்.

மாற்றும் முயற்சி நடக்காமலில்லை. 1995இல் தண்டனைச் சட்டத் திருத்தத்தோடு வல்லுறவு, முறைதகா உறவு (நெருங்கிய குடும்பத்தினருக்குள் நடப்பது), சிசுவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்குத் தரும் பிரிவும் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிர்ப்பு எழ, அதை மட்டும் கழற்றிவிட்டார்கள். 2017இல் வல்லுறவுக்கும் சிசுவின் குறைபாட்டுக்கும் விலக்குக் கேட்டு மறுபடி யோசனை வந்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அதுவும் கிடப்பில் போனது.

சரி, மக்கள்? "கருக்கலைப்பு சரியா?" என்று கொட்டாஞ்சேனையில் கேட்டால் பெரும்பாலும் "பாவம்" என்றுதான் சொல்வார்கள். "வல்லுறவுக்குள்ளான பிள்ளை என்ன செய்வது?" என்று கேட்டுப் பாருங்கள், அதே ஆள் தயங்குவார். அந்தத் தயக்கம் வாக்காக மாறுவதில்லை, எதிர்ப்போ ஒழுங்கமைந்து நிற்கிறது. கத்தோலிக்க வாக்குகள் கொழும்பு, கம்பஹா, புத்தளத்தில் திரண்டிருக்கின்றன. இதற்காக அவற்றை இழக்க எந்தக் கட்சி துணியும்? என் பார்வையில், மக்கள் கருத்தைவிட இந்தக் கணக்குத்தான் பெரிய தடை.